துப்பாக்கியைத் தடை செய்தால் என்ன? அமெரிக்கச் சண்டையின் உள்விவரம்

அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பேசாமல் துப்பாக்கியைத் தடை செய்துவிட்டால் என்ன?" நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்டதுமே மூன்று துணைக்கேள்விகள் முளைக்கும். எந்தத் துப்பாக்கியை? யார் தடை செய்வது? எந்தச் சாவைக் குறைக்க? மூன்றுக்கும் ஆளாளுக்கு வேறு பதில் வைத்திருப்பதால், ஒருவர் சொல்வது மற்றவர் காதில் ஏறாமலே பேச்சு முடிந்துவிடுகிறது.

இன்னொன்று. "தடையா, உரிமையா" என்பது மேடைப் பேச்சுக்கான தலைப்பு. நிஜமான இழுபறி ஒரு படிவத்தில், ஒரு மூன்று நாள் கெடுவில், ஒரு சொல்லின் பொருளில் நடக்கிறது. அவற்றைப் பார்த்தால்தான் அடுத்த முறை செய்தி வரும்போது எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பிடிபடும்.

## எந்தத் துப்பாக்கி? முதலில் சொற்கள்

1. தானியங்கி. விசையை அழுத்திப் பிடித்தால், விடும்வரை குண்டுகள் பாய்ந்துகொண்டே இருக்கும். இயந்திரத் துப்பாக்கி என்று சட்டம் சொல்வது இதைத்தான். 1934ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் பதிவு செய்யச் சொல்லி, 200 டாலர் வரியும் போட்டது. அன்று அந்த வரி கிட்டத்தட்டத் துப்பாக்கியின் விலைக்கே சமம். 1986 மே 19க்குப் பிறகு தயாரானவற்றைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது. பழையவை மட்டும் பதிவோடு கைமாறுகின்றன.

2. அரைத் தானியங்கி. ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டு. அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளும். அதைச் சுட விசையை மறுபடி அழுத்த வேண்டும். இன்று விற்கும் பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் இந்த வகை. செய்திகளில் அடிபடும் ஏஆர்-15 ரைஃபிளும் இந்த வகைதான். "ஏஆர்" என்பது அதை வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது.

3. அசால்ட் வெப்பன். "தாக்குதல் ஆயுதம்" என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் இது பொறியியல் சொல் அல்ல, சட்டச் சொல். 1994இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொண்டுவந்த பத்தாண்டுத் தடை, சில மாடல்களைப் பெயர் சொல்லித் தடுத்தது. மற்றவற்றுக்கு உறுப்புகளைக் கணக்கெடுத்தது: கழற்றி மாட்டும் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) உள்ள ரைஃபிளில் மடக்கும் தோள்கட்டை, தனிப் பிடி, பயனெட் கத்தி மாட்டும் இடம் போன்றவற்றில் இரண்டு இருந்தால் தடை. தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றிரண்டு உறுப்புகளை நீக்கிவிட்டு, அதே ரைஃபிளை வேறு பெயரில் விற்றார்கள். பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களுக்கான தடைதான் அந்தச் சட்டத்தில் உருப்படியான பகுதி என்பது என் கணிப்பு. 2004இல் கெடு முடிந்தது, காங்கிரஸ் நீட்டிக்கவில்லை.

பொதுமக்களிடம் எத்தனை துப்பாக்கிகள் இருக்கின்றன? ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு 2017 நிலவரப்படி 39.3 கோடி என்று மதிப்பிட்டது. நூறு பேருக்கு 120. ஆளுக்கொன்று கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். நாளையே விற்பனையை நிறுத்தினாலும் இவ்வளவும் வீடுகளில் இருக்கத்தான் செய்யும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

## இருபத்தேழு சொற்கள்

1791இல் ஏற்கப்பட்ட, அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் ஆங்கில மூலத்தில் மொத்தம் 27 சொற்கள். சாரம் இது: நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை ஒரு சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு அவசியமாதலால், ஆயுதங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது.

குடிப்படை என்பது சம்பளப் பட்டாளம் அல்ல. தேவைப்படும்போது சொந்தத் துப்பாக்கியோடு கூடும் ஊர் ஆண்கள். வாக்கியத்தின் முன்பாதி குடிப்படையைப் பேசுகிறது, பின்பாதி மக்களின் உரிமையைப் பேசுகிறது. முன்பாதி பின்பாதியைக் கட்டுப்படுத்துகிறதா, வெறும் காரணம்தான் சொல்கிறதா? இருநூறு வருடச் சண்டை இதற்குள்தான் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் இதில் பல காலம் பட்டும் படாமலும் இருந்தது. 1939இல் மில்லர் வழக்கில், குழல் வெட்டிக் குறைத்த ஷாட்கன்னுக்கும் குடிப்படைக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டப்படவில்லை என்று சொல்லி 1934 சட்டத்தைக் காப்பாற்றியது. அப்புறம் கிட்டத்தட்ட எழுபது வருடம் பெரிய தீர்ப்பு எதுவும் இல்லை. பிறகு வரிசையாக வந்தன:

1. ஹெல்லர், 2008. தலைநகர் வாஷிங்டனின் கைத்துப்பாக்கித் தடை செல்லாது. இது தனிமனித உரிமை. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம். ஒன்பது நீதிபதிகளில் 5-4. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கேலியாவே, எந்த ஆயுதமும் எங்கேயும் எப்படியும் வைத்திருக்கும் உரிமை இது அல்ல என்றும் சேர்த்து எழுதினார். தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் அந்தப் பத்தியை அவ்வளவாக எடுத்துக்காட்டுவதில்லை.

2. மெக்டொனால்டு, 2010. இதே உரிமை மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும். சிகாகோவின் தடை போயிற்று.

3. ப்ரூயன், 2022. வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்ல "தனிப்பட்ட காரணம்" காட்ட வேண்டும் என்ற நியூயார்க் விதி செல்லாது. 6-3. தீர்ப்பின் முடிவைவிட அது வைத்த அளவுகோல் பெரிது: இனி ஒரு கட்டுப்பாடு நிற்க வேண்டுமானால், நாட்டின் வரலாற்று மரபில் அதற்கு ஒப்பான கட்டுப்பாடு இருந்ததை அரசு காட்ட வேண்டும்.

மூன்றாவதுதான் கீழ் நீதிமன்றங்களைத் திணறடித்தது. சட்டத்தால் உயிர்கள் பிழைக்கின்றன என்ற ஆய்வுக்கு அங்கே எடை இல்லை. பழைய சட்டப் புத்தகத்தைத் தேடிக் கொண்டுவர வேண்டும். மனைவியை அடித்தவரிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் இல்லை என்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, குடும்ப வன்முறைத் தடையாணைக்கு உள்ளானவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தையே ரத்து செய்தது. 2024இல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 8-1 என்று அதைத் திருத்தியது: அச்சு அசலான பழைய சட்டம் வேண்டியதில்லை, அதன் கொள்கை ஒத்துப்போனால் போதும். எதிர்த்த ஒரே நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். ப்ரூயன் தீர்ப்பை எழுதியவர் அவர்தான்.

## இடம் மாறிய ஆட்கள்

இன்றைய அணிகள் என்றும் இப்படியே இருந்தவை அல்ல. தேசிய ரைஃபிள் சங்கம், அதாவது என்ஆர்ஏ, 1871இல் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காகத் தொடங்கப்பட்டது. 1934 சட்டத்துக்கான விசாரணையில் அதன் அன்றைய தலைவர், ஆளாளுக்குத் துப்பாக்கி தூக்கித் திரிவதில் தமக்கு நம்பிக்கை இல்லை, அதை உரிமத்தோடு கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சாட்சி சொன்னார்.

1967 மே 2 அன்று கறுப்பின உரிமைக்குப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் கையில் துப்பாக்கியோடு கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். குண்டு போட்ட துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதைத் தடுக்கும் மசோதாவை எதிர்த்துத்தான் வந்தார்கள். அவர்கள் வந்ததே மசோதா வேகமாக நிறைவேறக் காரணமாயிற்று. கையெழுத்துப் போட்ட ஆளுநர் ரொனால்ட் ரேகன், இன்று கட்டுப்பாட்டை எதிர்க்கும் குடியரசுக் கட்சிக்காரர். துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சட்டம் பிறந்த கதைகளில் இது ஒன்று. பத்து வருடம் கழித்து, 1977இல் சின்சினாட்டியில் நடந்த என்ஆர்ஏ கூட்டத்தில், விட்டுக்கொடுக்க மறுத்த அணி தலைமையைக் கைப்பற்றியது. இன்று நாம் பார்க்கும் அரசியல் அங்கிருந்து ஆரம்பம்.

## கடையில் என்ன நடக்கிறது

உரிமம் பெற்ற கடையில் ஒருவர் துப்பாக்கி வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைத்துப்பாக்கிக்கு 21 வயது, ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் 18. கடைக்காரர் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நீட்டுவார். துப்பாக்கியை நீங்கள் உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா? பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவரா? போதைப்பொருளுக்கு அடிமையா? மனநல மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவரா? எல்லாம் ஆம், இல்லை என்று டிக் அடிக்கும் கேள்விகள்.

முதல் கேள்வி பினாமி வாங்கலைப் பிடிக்க வைத்தது. வாங்கத் தகுதியில்லாதவருக்காகத் தகுதியுள்ள ஒருவர் வாங்கிக் கொடுப்பதுதான் குற்றவாளிகளுக்குத் துப்பாக்கி போய்ச் சேரும் முக்கிய வழிகளில் ஒன்று. பொய்யாக டிக் அடிப்பது பெருங்குற்றம். ஆனால் அதற்காக வழக்குப் போடுவது அபூர்வம். அப்படி அபூர்வமாக மாட்டியவர்களில் ஒருவர் அன்றைய அதிபரின் மகன் ஹன்டர் பைடன். 2018இல் நிரப்பிய படிவத்தில் போதைப் பழக்கத்தை மறைத்ததற்காக 2024 ஜூனில் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. டிசம்பரில் அப்பா மன்னிப்பு வழங்கினார்.

படிவம் நிரம்பியதும் கடைக்காரர் எஃப்பிஐயின் சோதனை அமைப்பைக் கேட்பார். 1981இல், அதிபராகிவிட்ட ரேகன் மீது நடந்த கொலை முயற்சியில் தலையில் குண்டு பாய்ந்த செய்திச் செயலர் ஜேம்ஸ் பிரேடியின் பெயரால் 1993இல் வந்த சட்டத்தின் விளைவு இது. 1998 முதல் இயங்குகிறது. பதில் மூன்றில் ஒன்று: கொடுக்கலாம், கொடுக்காதே, பொறு. பெரும்பாலும் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும்.

சிக்கல் "பொறு" என்பதில். மூன்று வேலை நாளுக்குள் முடிவு வராவிட்டால், கடைக்காரர் விரும்பினால் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். 2015 ஜூன் 17 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகர தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவர் அப்படித்தான் வாங்கினார். அவர் மீது போதைப்பொருள் வழக்கு ஒன்று இருந்தது. அது கண்ணில் பட்டிருந்தால் விற்பனை நின்றிருக்கும். சோதித்த ஊழியர், கேட்க வேண்டிய காவல் துறையை விட்டுவிட்டு வேறு ஊர்க் காவல் துறையைக் கேட்டார். நாள் ஓடியது, துப்பாக்கி கைக்குப் போனது. இந்த ஓட்டையை அடைக்கும் மசோதா பல முறை வந்துவிட்டது. 2022இல் வந்த மத்தியச் சட்டத்தில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மட்டும் கெடு பத்து வேலை நாள் வரை நீள வழி வந்தது.

இந்தச் சோதனையெல்லாம் உரிமம் பெற்ற கடைக்குத்தான். தனி ஆள் ஒருவர் அதே மாநிலத்தில் இருக்கும் இன்னொருவருக்குத் தன் துப்பாக்கியை விற்றால், மத்தியச் சட்டப்படி சோதனை வேண்டியதில்லை. பல மாநிலங்கள் தாங்களாகவே சட்டம் போட்டு இதை அடைத்திருக்கின்றன. பல மாநிலங்கள் அடைக்கவில்லை.

சரி, கொலை நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைக்கிறது. யாருடையது என்று கணினியில் எண்ணைத் தட்டிப் பார்க்க முடியாதா? முடியாது. மத்திய அரசு உரிமையாளர் பதிவேடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1986 சட்டம் சொல்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் உள்ள மத்திய மையம் முதலில் தயாரிப்பாளரைக் கேட்கும். அவர் மொத்த வியாபாரியைச் சொல்வார், மொத்த வியாபாரி கடையைச் சொல்வார், கடைக்காரர் தன் பேரேட்டையும் 4473 கட்டையும் புரட்டிப் பெயரைச் சொல்வார். கடை மூடியிருந்தால் அதன் காகிதமெல்லாம் அட்டைப் பெட்டிகளில் மார்ட்டின்ஸ்பர்க்குக்கு வந்திருக்கும். கட்டடம் கொள்ளாமல் வெளியே கன்டெய்னர்களில் அடுக்கிய காலமும் உண்டு. அவற்றை ஸ்கேன் செய்கிறார்கள், ஆனால் படமாக மட்டும். பெயரைப் போட்டுத் தேடும் வசதி வேண்டுமென்றே கிடையாது. ஊழியர் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். 21ஆம் நூற்றாண்டுக் கொலை வழக்கு, ஒரு மூடிய கடையின் கையெழுத்துப் பேரேட்டில் நிற்கிறது.

## எந்தச் சாவு?

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் கணக்கு இது. பிரித்துப் பார்த்தால்:

1. தற்கொலை: 26,328
2. கொலை: 20,958
3. விபத்து, காவல் துறை சுட்டது, காரணம் தெளிவாகாதவை: மீதி 1,544

பாதிக்கு மேல் தற்கொலை. தொலைக்காட்சியில் வரும் பள்ளிக்கூடப் படுகொலைகள், எந்த வரையறையை எடுத்தாலும், மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. கொலைகளிலும் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடப்பவை. ரைஃபிள் வகை எல்லாம் சேர்த்தாலும் சொற்பம். ஆக, விவாதத்தின் வெளிச்சம் ஏஆர்-15 மேல் விழுகிறது, சாவு வேறு இடத்தில் நடக்கிறது. அப்படியென்றால் ஏஆர்-15 பேச்சு வீண் என்று சொல்ல வரவில்லை. சாண்டி ஹூக் பள்ளியில் 2012இல் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும், உவால்டே ஊர்ப் பள்ளியில் 2022இல் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் அந்த வகை ரைஃபிளால்தான் கொல்லப்பட்டார்கள். ஒரே சம்பவத்தில் இத்தனை உயிர் போவதைக் குறைக்க வேண்டுமானால் மேகசின் அளவைப் பேச வேண்டும். மொத்தச் சாவைக் குறைக்க வேண்டுமானால் வேறொன்றைப் பேச வேண்டும்.

அந்த வேறொன்று நேரம். தற்கொலை எண்ணம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் கடந்துபோகும் அலை. பெரும்பாலான முயற்சிகளில் ஆள் பிழைத்துவிடுகிறார், துணை தேட ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. துப்பாக்கி அந்த வாய்ப்பைத் தருவதில்லை. அதனால்தான் வாங்கியபின் சில நாள் காத்திருப்பு, வீட்டில் பூட்டி வைக்கும் விதி, "சிவப்புக் கொடி" சட்டம் ஆகியவற்றுக்கு மருத்துவத் துறையில் ஆதரவு அதிகம். சிவப்புக் கொடி என்றால், ஆபத்தான நிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற ஆணையோடு தற்காலிகமாகத் துப்பாக்கியை எடுத்து வைப்பது. கனெக்டிகட் 1999இல் முதலில் கொண்டுவந்தது. பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் இறந்த சில வாரங்களிலேயே, 2018இல் ஃப்ளோரிடாவும் கொண்டுவந்தது. கையெழுத்திட்ட ஆளுநர் ரிக் ஸ்காட் குடியரசுக் கட்சிக்காரர், என்ஆர்ஏயின் செல்லப்பிள்ளையாக இருந்தவர்.

## உரிமைத் தரப்பு சொல்வது

இதைக் கேலியாகக் கடந்துபோகிறவர்கள் அதிகம். அது தப்பு, வாதத்தில் சரக்கு இருக்கிறது.

1. காவல் துறை வராது. பரந்து கிடக்கும் கிராமப்புறத்தில் உதவி வந்து சேர நேரமாகும். சட்டப்படியும் உத்தரவாதம் இல்லை. கொலராடோவின் காசில் ராக் நகரில், தடையாணையை மீறிக் கணவன் குழந்தைகளைக் கொண்டுபோன வழக்கில், ஆணையை அமல்படுத்தும்படி போலீசைக் கட்டாயப்படுத்தும் அரசமைப்பு உரிமை தாய்க்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. மூன்று குழந்தைகளும் கொல்லப்பட்டிருந்தார்கள்.

2. பதிவேடு வந்தால் அடுத்தது பறிமுதல். ஆஸ்திரேலியாவில் 1996இல் போர்ட் ஆர்தர் படுகொலையில் 35 பேர் இறந்த பிறகு, அரசு சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளைக் கட்டாயமாக விலை கொடுத்து வாங்கி அழித்தது. கட்டுப்பாட்டுத் தரப்புக்கு இது முன்மாதிரி. உரிமைத் தரப்புக்கு இதுவே எச்சரிக்கை. மார்ட்டின்ஸ்பர்க்கில் தேடும் வசதி ஏன் இல்லை என்பதற்குப் பதில் இங்கே இருக்கிறது.

3. தற்காப்பு எண்ணிக்கையில் தெரியாது. துப்பாக்கியைக் காட்டியதாலேயே தப்பித்தவர்களின் கணக்கு மருத்துவமனைப் பதிவில் வராது. இது உண்மை. ஆனால் எத்தனை பேர் என்பதில்தான் குழப்பம்: 1990களின் ஒரு தொலைபேசிக் கருத்தாய்வு ஆண்டுக்கு 25 லட்சம் முறை என்றது, அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு லட்சத்துக்கு அக்கம்பக்கம் என்கிறது. இரண்டுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கும்போது, பெரிய எண்ணை வைத்து மேடையில் அடித்துப் பேசுகிறவரை நான் நம்பமாட்டேன்.

## யார் தடை செய்வது?

அரசமைப்பைத் திருத்துவதென்றால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு 50 மாநிலங்களில் 38இன் ஒப்புதல் வேண்டும். வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதிச் சீட்டே வேண்டாம் என்று 29 மாநிலங்கள் சட்டம் வைத்திருக்கும் நாட்டில் அந்த வழி அடைபட்ட வழி.

சாதாரணச் சட்டம் போடலாம். ஆனால் மேலவையான செனட்டில் விவாதத்தை முடிக்கவே 60 வாக்கு வேண்டும். சாண்டி ஹூக்குக்கு நாலு மாதம் கழித்து, 2013 ஏப்ரலில், தனியார் விற்பனை பலவற்றுக்கும் சோதனையை விரிக்கும் மசோதாவுக்கு 54 பேர் ஆதரவு, 46 பேர் எதிர்ப்பு. பெரும்பான்மை கிடைத்தும் தோற்றது. மக்கள்தொகை எவ்வளவாக இருந்தாலும் மாநிலத்துக்கு இரண்டு செனட்டர். வயோமிங்குக்கும் இரண்டு, கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு. கிராமப்புற மாநிலங்களின் கை ஓங்குவது இப்படித்தான். உவால்டேக்குப் பிறகு 2022 ஜூனில் வந்த இருகட்சிச் சட்டம், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் வந்த முதல் பெரிய மத்தியச் சட்டம்.

மாநிலங்கள் தனித்தனியாகச் சட்டம் போடுகின்றன. அங்கே எல்லைக்கோடு பிரச்சினை. இல்லினாய் கடுமையாக வைத்திருக்கலாம். சிகாகோவிலிருந்து கார் எடுத்தால் கொஞ்ச நேரத்தில் தளர்வான சட்டமுள்ள இந்தியானா.

## விசையின் ஒரே இயக்கம்

2017 அக்டோபர் 1 இரவு, லாஸ் வேகாஸில் ஒரு ஹோட்டலின் 32ஆம் மாடியிலிருந்து ஒருவர் இசை நிகழ்ச்சிக் கூட்டத்தை நோக்கிச் சுட்டார். சுமார் பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள். இறந்தவர்கள் 60 பேர். அவர் வைத்திருந்தவை அரைத் தானியங்கி ரைஃபிள்கள், ஆனால் அவற்றில் "பம்ப் ஸ்டாக்" என்ற கட்டை மாட்டியிருந்தது. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் அல்லவா? அந்த உதைப்பில் துப்பாக்கி பின்னால் போய், மறுகை தள்ள முன்னால் வந்து, அசையாமல் வைத்த விரலில் விசை தானே வந்து வந்து மோதும். விளைவு கிட்டத்தட்ட இயந்திரத் துப்பாக்கி.

டிரம்ப் அரசு 2018இல் இதை இயந்திரத் துப்பாக்கி என்று வகைப்படுத்தித் தடை செய்தது. 2024 ஜூன் 14 அன்று கார்கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் தடையை 6-3 என்று நீக்கியது. இதில் இரண்டாம் திருத்தம் பேசப்படவே இல்லை. கேள்வி முழுக்க 1934 சட்டத்தின் ஒரு சொற்றொடர்: "விசையின் ஒரே இயக்கத்தால்" ஒன்றுக்கு மேற்பட்ட குண்டு பாய்ந்தால் அது இயந்திரத் துப்பாக்கி. பம்ப் ஸ்டாக்கில் ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனியாகத்தான் இயங்குகிறது என்றார் தாமஸ். தீர்ப்பில் விசைப்பொறியின் படங்களையே சேர்த்திருந்தார். வாத்து மாதிரி நடந்து, நீந்தி, கத்துகிற பறவையை வாத்து என்றுதான் சொல்வேன் என்று நீதிபதி சோட்டோமேயர் எதிர்த்து எழுதினார்.

பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதி அலிட்டோ ஒரு சிறு குறிப்புத் தனியாக எழுதினார். லாஸ் வேகாஸ் சம்பவம் சட்டத்தைத் திருத்த வேண்டிய தேவையைக் காட்டுகிறது, ஆனால் ஒரு சம்பவத்தால் சட்டத்தின் பொருள் மாறிவிடாது, காங்கிரஸ் திருத்திக்கொள்ளலாம் என்றார். நான்கு நாள் கழித்து செனட்டில் ஜனநாயகக் கட்சியினர் அதற்கான மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றக் கேட்டார்கள். குடியரசுக் கட்சியின் ஒரு செனட்டர் ஆட்சேபித்தார். மசோதா அங்கேயே நின்றது.